சித்தியின் மதியத் தூக்கமும் ஆறு காளான் படுக்கைகளும்

ஆறு காளான் படுக்கை (வைக்கோலும் காளான் வித்தும் அடுக்கிக் கட்டிய பை) போட்டோம், நான்கு அழுகிப்போயின. மிஞ்சிய இரண்டும் ஏன் பிழைத்தன என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. காரணம் தெரிந்ததும் சித்தி அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார். வீட்டில் முதன்முதலாக வைக்கோலில் சிப்பிக்காளான் போட நினைப்பவர்களுக்கு, நன்றாக வந்த சுற்றைவிட அந்த அழுகிய நான்கு படுக்கைதான் அதிகம் சொல்லிக்கொடுக்கும் என்பதால் தேதி, எடை எல்லாவற்றோடும் எழுதுகிறேன்.

இடம் கொளத்தூர். சித்தி வீடு முதல் மாடி. மொட்டை மாடிக்கு ஏறும் படிக்குப் பக்கத்தில் யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய பாத்ரூம் இருக்கிறது, நாலடிக்கு ஆறடி, உயரத்தில் கண்ணாடிப் பட்டைகள் செருகிய வெண்டிலேட்டர். சித்தி அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா உட்காரத் தெரியாதவர். கிண்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்தில் ஒரு நாள் காளான் பயிற்சிக்குப் போய் வந்தார், வந்த கையோடு எனக்குப் போன் செய்தார். “டேய், வர்ற ஞாயித்துக்கிழமை வந்துடு. கணக்கு எழுதுறது உன் வேலை, மத்ததை நான் பார்த்துக்கிறேன்.” இந்தக் கணக்கு எழுதுகிற வேலைதான் கடைசியில் எங்களைக் காப்பாற்றியது. அன்றைக்கு அது தெரியாமல் அலுத்துக்கொண்டுதான் போனேன்.

ஏன் சிப்பி என்று கேட்டால், வேறு வழியில்லை என்பதுதான் பதில். கடையில் கிடைக்கும் மொட்டுக்காளானுக்கு மட்கிய எருவும் ஏ.சி. அறையும் வேண்டும். சிப்பி காட்டில் பட்ட மரத்தைத் தின்று வாழ்கிற ஜாதி, மரத்தின் கெட்டியான லிக்னினையே கரைத்துச் சாப்பிடும், வைக்கோல் அதற்கு எம்மாத்திரம். நெல் வைக்கோலில் இதை வளர்ப்பது ஒன்றும் நேற்று வந்த யோசனை இல்லை, மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960களின் தொடக்கத்திலேயே செய்து பார்த்துவிட்டார்கள். நாங்கள் எடுத்தது புளோரிடா எனும் வெள்ளைச் சிப்பி.

முதல் சுற்று

2024 செப்டம்பர் 8, விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள், ஞாயிறு. வில்லிவாக்கம் பக்கம் மாடு வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் வைக்கோல் வாங்கியிருந்தோம். “எத்தனை மாடும்மா வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். சித்தி “மாடு இல்லைப்பா, காளானுக்கு” என்றதும், அவர் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. வித்து மூன்று பாக்கெட். வேகவைத்த சோளத்தில் வெள்ளையாகப் பூஞ்சாண இழை பரவிக் கட்டியாக இருக்கும், இருநூறு கிராம் பாக்கெட் ஒன்று இரண்டு படுக்கைக்கு வரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

வைக்கோலை அரிவாள்மனையில் இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கினோம் (இதற்கே இரண்டு மணி நேரம், அடுத்த முறை முதல் நாளே செய்துவிட்டோம்). மூன்று கிலோ. விடியற்காலையிலேயே ஐந்து மணி நேரம் ஊறட்டும் என்று வாளிகளில் போட்டு, அப்புறம் விசேஷத்துக்கு எடுக்கும் அண்டாவில் தவணை தவணையாக நாற்பத்தைந்து நிமிடம் வெந்நீரில் வைத்தோம். இதில் ஒரு சின்ன விஷயம்: தளதளவென்று கொதிக்கவிட வேண்டியதில்லை. எழுபது எண்பது டிகிரியில் இருந்தால் போதும். கெட்ட பூசணங்கள் செத்துவிடும், வைக்கோலில் இயல்பாகவே இருக்கும் சில நல்ல பாக்டீரியாக்கள் பிழைத்துக் காவல் இருக்கும். மணிக்கணக்காகக் கொதித்தால் எல்லாமே செத்து, சத்தும் கரைந்து கசிந்து, முதலில் வருகிறவனுக்குக் காலி வீட்டைத் திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

வடிகட்டி, ஹாலில் பழைய வேட்டிகளை விரித்து வைக்கோலைப் பரப்பி, ஃபேனைப் போட்டோம். கொஞ்ச நேரம் கழித்துப் பைகளில் நிரப்ப ஆரம்பித்தோம். ஒன்றரை அடி உயரப் பாலிதீன் பை, மூன்று விரல் உயரம் வைக்கோல், ஓரமாகச் சுற்றி வித்து, மறுபடி வைக்கோல், மறுபடி வித்து, இப்படி ஐந்து அடுக்கு. மேலே இறுக்கிக் கட்டி, நடுப்பகுதியில் பென்சில் நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொரு பையும் சுமார் அரை கிலோ காய்ந்த வைக்கோல் என்று கணக்கு. முடிந்ததும் ஊருக்குப் போகும்போது பெட்டியை நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டி, எடையும் நேரமும் பையின் மேலேயே மார்க்கரில் எழுதினேன்.

நான்கு பை முடிந்தபோது ஒரு மணி ஆகிவிட்டது. சாப்பிட்டோம். சித்தி “முதுகு போயிடுச்சு, பத்து நிமிஷம்” என்று படுத்தவர் நாலு மணிக்குத்தான் எழுந்தார். மிச்சம் இரண்டு பையை மாலையில் கட்டினோம்.

ஆறையும் பின்னறைக் கட்டிலுக்கு அடியில் வரிசையாக வைத்தோம். நாலாம் நாள் ஒவ்வொரு சோளத்தைச் சுற்றியும் பஞ்சு மாதிரி வெள்ளை. சித்தி வீடியோ எடுத்து சொந்தக்காரர் குரூப்பில் போட்டுவிட்டார் (போட்டிருக்கக் கூடாது). ஆறாம் நாள் முதல் மூன்று பைகளின் அடியில் டீத்தண்ணி நிறத்தில் நீர் தேங்கியிருந்தது. எட்டாம் நாள் அறையில் இட்லி மாவு அதிகமாகப் புளித்த வாடை. பத்தாம் நாள் அடிப்பக்கம் பச்சை. அதுவும் ஒரேயடியாகப் பச்சையாக வரவில்லை, முதலில் வெள்ளையாகத்தான் படர்ந்தது, நாங்களும் நம்ம காளான் கீழே இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டோம், இரண்டே நாளில் அந்த வெள்ளையின் மேல் பச்சைப் பொடி தூவியது போல ஆனது. டிரைக்கோடெர்மா. செடிகளின் வேரழுகலுக்கு எதிராக விவசாயிகள் காசு கொடுத்து வாங்கிப் போடுகிற அதே பூசணக் குடும்பம்தான், காளான் பையில் வந்தால் எமன்.

ஒன்றிலிருந்து நான்கு வரை தூக்கிப்போட்டோம். பையைப் பிரிக்காமல், அப்படியே இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டி வெளியேற்ற வேண்டும், பிரித்தால் பச்சைப் பொடி வீடு முழுக்கப் பறக்கும். ஐந்தும் ஆறும் மட்டும் பால் வெள்ளையாக, கெட்டியாக, தட்டினால் தக்கை மாதிரி சத்தம் வரும்படி நின்றன.

யார் செய்த தப்பு?

முதல் சந்தேகம் சுத்தம். காளான் கெட்டால் எல்லோரும் முதலில் சொல்வது அதுதான், கை கழுவினாயா, டெட்டால் போட்டாயா. ஆனால் ஆறு பையையும் கட்டியது அதே நான்கு கைகள், அதே அறை, அதே நாள். சொல்லப்போனால் மாலையில் கட்டிய இரண்டுக்கும் சித்தி தூங்கி எழுந்து அப்படியே வந்துவிட்டார், காலையில் கழுவியது போலக் கையைக்கூட அழுத்திக் கழுவவில்லை.

இரண்டாவது சந்தேகம் வித்து. ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு படுக்கை என்பதால் ஐந்தும் ஆறும் மூன்றாவது பாக்கெட். முதல் இரண்டு பாக்கெட்டும் பழையதோ, வரும் வழியில் வெயிலில் வெந்ததோ என்று நினைத்தோம். வித்து விற்றவரிடம் சண்டைக்குப் போகிற அளவுக்கு சித்தி தயாராகிவிட்டார். அப்போதுதான் நோட்டில் ஒரு வரி கண்ணில் பட்டது: இரண்டாவது பாக்கெட்டில் ஒரு பிடி மீந்துபோய், அதை ஐந்தாவது பையின் அடி அடுக்கில் போட்டிருந்தோம். ஐந்தாவது பையின் அடி அடுக்கு எந்தக் குறையும் இல்லாமல் வெள்ளையாக இருந்தது. அப்படியானால் இரண்டாவது பாக்கெட் நல்ல வித்துதான். அதே வித்தைப் போட்ட மூன்றும் நாலும் அழுகியிருக்கின்றன.

வெயில்? கட்டிலுக்கடியில் எல்லாப் பைக்கும் ஒரே சூடுதான்.

மிச்சம் இருந்தது பையின் மேல் எழுதிய எண்கள். தூக்கிப்போடும் முன் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். முதல் பை 2 கிலோ 50 கிராம், அடுத்து 1.95, 1.9, 1.85. மதியத்துக்கு மேல் கட்டிய இரண்டும் 1.5, 1.4. ஒரே அளவு வைக்கோல், அரை கிலோவுக்கும் மேல் வித்தியாசம், அவ்வளவும் தண்ணீர். சித்தி தூங்கிய மூன்று மணி நேரத்தில் ஃபேன் காற்றில் உலர்ந்துபோன தண்ணீர்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அரை கிலோ காய்ந்த வைக்கோலில் உண்மையில் 450 கிராம் போலத்தான் வைக்கோல், மீதி அதிலேயே இருக்கும் ஈரம். படுக்கையில் 65 சதவீதம் ஈரம் இருக்கட்டும் என்பார்கள், அதற்கு மொத்த எடை 1.3 கிலோ வர வேண்டும். 70 சதவீதம் என்றால் 1.5. எங்கள் முதல் பை 78 சதவீதத்தைத் தொட்டிருக்கிறது. வைக்கோலுக்கு நடுவே காற்று இருக்க வேண்டிய சந்தெல்லாம் தண்ணீர். காளான் இழைக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும், புளிக்கவைக்கிற பாக்டீரியாக்களுக்கு அது தேவையில்லை, ஆகவே அடியில் முதலில் புளித்தது, இழை மேலேயே நின்றுவிட்டது, நின்ற இடத்தில் பச்சை ஏறியது.

சித்தி விடவில்லை. “பிழிஞ்சு பார்த்துதானேடா போட்டேன், சொட்டவே இல்லையே?” உண்மை. கையில் எடுத்து இறுக்கினால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும் என்பது எல்லோரும் சொல்லித்தரும் சோதனை. அதில் இரண்டு ஓட்டை இருப்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒன்று, அவர் எடுத்துப் பிழிந்தது குவியலின் மேல் வைக்கோல், ஃபேன் காற்று பட்டது, அடியில் வேட்டி சொதசொதவென்று கிடந்தது. இன்னொன்று, வைக்கோல் தண்டு உள்ளே குழல். வெளியே உலர்ந்திருந்தாலும் குழலுக்குள் தண்ணீர் நிற்கும், லேசாக இறுக்கினால் வெளிவராது. துணி முறுக்குவது போல ஒரு பிடியை முறுக்கினால்தான் தெரியும்.

பிழைத்த அந்த இரண்டு பைகளும் சேர்ந்து 470 கிராம் காளான் கொடுத்தன. அக்டோபர் சூட்டுக்கு அதுவே பெரிசு. முதல் பறிப்பை மிளகு போட்டு வறுத்துச் சாப்பிட்டோம், நாய்க்குடையைத் தின்கிறார்கள் என்று பயந்துபோன கீழ்வீட்டு பாட்டி அன்று இரவு இரண்டு முறை மேலே வந்து எல்லோரும் உயிரோடு இருக்கிறோமா என்று பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாம் சுற்று

நவம்பர் 3, தீபாவளி கழிந்த ஞாயிறு. மாற்றியது ஒன்றே ஒன்றுதான்: வைக்கோலைப் பரப்பி நாலு மணி நேரம், மணிக்கொரு தடவை கிளறி, அடியிலிருந்து எடுத்து முறுக்கிப் பார்த்து, பை 1.5 கிலோவைத் தாண்டினால் கொட்டி மறுபடி உலர்த்துவது. அதிகமாகக் காய்ந்துவிடுமோ என்று பயந்தோம். மழைக்காலச் சென்னையில் அந்தப் பயம் தேவையே இல்லை. ஆறு பையும் 1.35-க்கும் 1.5-க்கும் நடுவே.

பதினேழு நாளில் ஐந்து பை முழு வெள்ளை. ஆறாவதிலிருந்து, பையின் ஓட்டை வழியாக, மெல்லிய காம்போடு சாம்பல் நிறத்தில் குடைகள் வந்தன. காலையில் குடை, மாலைக்குள் கறுத்து மை மாதிரி உருகி வழிந்தது. மைக்காளான். நாம் போட்டது இல்லை, வைக்கோலோடு வந்தது. அதைப் பறித்துக் குப்பையில் போட வேண்டும், நம் பையில் முளைத்ததுதானே என்று சமைக்கக் கூடாது. ஆறாவது பையில் போட்டது, மாட்டுக்கார அண்ணன் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த வைக்கோல்போரின் அடிக்கட்டு, ஒருமுறை மழையில் நனைந்து காய்ந்திருக்கிறது. நல்ல வைக்கோல் பொன்னிறமாக, உடைத்தால் சடக் என்று சத்தம் வரும். நனைந்து காய்ந்தது பழுப்பாக, மண் வாடையோடு இருக்கும்.

நவம்பர் 20 அன்று ஐந்து பைகளையும் பாத்ரூமுக்கு மாற்றி, குறுக்கே ஒரு கம்பி கட்டி உறி மாதிரி தொங்கவிட்டு, பிளேடால் பக்கவாட்டில் கீறினோம். தரையில் ஆற்றுமணல் பரப்பி நனைத்தோம், காலை மாலை சுவரிலும் பை மேலும் புகை மாதிரி தண்ணீர் தெளிப்பு. மூன்றாம் நாள் ஊசித்தலை அளவு மொட்டு. ஏழாம் நாள் பறிக்கும்போது ஏமாற்றம். கட்டைவிரல் நீளத்துக்கு மேல் காம்பு, உச்சியில் சட்டைப் பொத்தான் அளவு குடை. கொத்தைப் பார்த்தால் யாரோ பயந்துபோய் எட்டிப்பார்ப்பது போல இருந்தது. ஐந்து பைக்கும் சேர்த்து 620 கிராம், அதில் பாதி காம்பு.

இதற்கு விடை கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. ஈரம் போய்விடும் என்று சித்தி கதவையும் வெண்டிலேட்டரையும் மூடி, இடுக்கில் துணி வேறு அடைத்து வைத்திருந்தார். காளானும் நம்மைப் போலத்தான், ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடும். அந்த வாயு அறையில் சேர்ந்தால் நல்ல காற்றைத் தேடிக் காம்பு நீளும், குடை விரியாது. வெண்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றிக் கொசுவலை அடித்தோம், கதவுக்கு அடியில் ஒரு செங்கல் உயரம் திறப்பு விட்டோம். வலை அவசியம். இல்லாவிட்டால் பொடி ஈக்கள் வந்து வைக்கோலில் முட்டையிடும், புழு இழையைத் தின்னும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி மாட்டினோம், ஒரு வாரத்தில் அட்டை கறுப்புப் புள்ளியாக ஆனது.

சரியாக அந்த நேரத்தில் ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தாலும் சென்னையில் அன்று முழுக்க மழை, தெருவில் தண்ணீர், கரண்ட் இல்லை. நான் போகவே முடியவில்லை. போனில்தான் வைத்தியம்.

“சாரல் உள்ள அடிக்குதுடா, ஜன்னலை அடைச்சிடவா?”

“அடைக்காதீங்க சித்தி. வலைக்கு வெளியே ஒரு பக்கமா பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிடுங்க, காத்து மட்டும் போகட்டும்.”

“தண்ணி தெளிக்கணுமா?”

“சுவரைத் தொட்டுப் பாருங்க, ஈரமா?”

“சொட்டுது.”

“அப்போ வேண்டாம்.”

நான்கு நாள் ஒரு சொட்டு தெளிக்கவில்லை. குடையின் மேல் தண்ணீர் நின்றால் மஞ்சளாகி வழவழப்பாகிவிடும் என்பதால் அது நல்லதாகவே போயிற்று. டிசம்பர் 5-ஆம் தேதி இரண்டாவது பறிப்பு 840 கிராம், உள்ளங்கை அகலக் குடைகள், காம்பு விரல் கணுவளவு. மூன்றாவது பறிப்பு டிசம்பர் 17 அன்று 390 கிராம். ஆக 1 கிலோ 850 கிராம், இரண்டரைக் கிலோ வைக்கோலுக்கு 74 சதவீதம். முதல் பறிப்பையும் காற்றோட்டத்தோடு வளர்த்திருந்தால் இன்னும் கூடியிருக்கும் என்பது என் கணிப்பு.

ஒரு விஷயத்தை நாங்கள் தாமதமாகக் கவனித்தோம், அதற்கு வருத்தம் உண்டு. சித்திக்கு லேசான வீசிங் உண்டு. இரண்டாவது பறிப்பில் ஒரு கொத்தை “இன்னும் பெரிசாகட்டும்” என்று ஒரு நாள் கூடுதலாக விட்டோம். குடையின் ஓரம் மேல்நோக்கி மடங்கி, கீழே மணலில் மாவு சிந்தியது போல வெள்ளைப் பொடி. அது விதைத்தூள். அன்று இரவு சித்திக்கு நல்ல இருமல். குடையின் ஓரம் இன்னும் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பறித்துவிட வேண்டும், எடையும் அப்போதுதான் சரி, உள்ளே போகும்போது மாஸ்க். நல்லவேளை, படுக்கை தொங்கியது தனிப் பாத்ரூமில். படுக்கையறையில் வைத்து வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஆஸ்துமா உள்ள வீட்டில் நிச்சயம் கேட்காதீர்கள்.

பணம் என்று பார்த்தால்: வித்து, வைக்கோல், பை, கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்கு நானூறு ரூபாய் போல ஆனது. எங்கள் தெருக்கடையில் அப்போது சிப்பி 200 கிராம் அறுபது ரூபாய், எங்கள் விளைச்சலுக்கு ஐந்நூற்றைம்பது வரும். கூலி கணக்கிட்டால் நஷ்டம். வீட்டிலிருந்தபடியே மாதம் இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று ஆறு பையைக் காட்டிச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. பறித்த ஒரு மணி நேரத்தில் வாணலியில் விழும் காளானின் ருசிக்குத்தான் இது. கையால் நாராகக் கிழித்து, முதலில் எண்ணெய் இல்லாமல் வதக்கித் தண்ணீரை வற்றவைத்து, அப்புறம் சின்ன வெங்காயம், மிளகு. கத்தி படவே வேண்டாம்.

ஜனவரி 19-இல் மூன்றாவது சுற்று போட்டோம், ஆறுக்கு ஆறும் வந்தது. மார்ச் கடைசியோடு சிப்பியை நிறுத்திவிடுவதாக முடிவு. கத்திரி வெயிலுக்கு அது தாங்காது. அப்போதைக்குப் பால்காளான் இருக்கிறது, அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998-இல் ஏ.பி.கே. 2 என்று வெளியிட்ட ரகம், முப்பது முப்பத்தைந்து டிகிரியில்தான் சுகமாக வளரும், படுக்கையின் மேல் வேகவைத்த மண் போட வேண்டிய வேலை மட்டும் கூடுதல். சித்தி மண்ணைச் சலித்து மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

தீர்ந்துபோன படுக்கைகளை மாடித் தொட்டிகளில் கத்தரிக்கும் மல்லிக்கும் கொட்டினோம். மாட்டுக்கார அண்ணனுக்கு இப்போது எல்லாம் தெரியும். போரின் மேலிருந்து நனையாத கட்டுகளை எங்களுக்கென்று தனியாக எடுத்து வைக்கிறார், அதற்குக் “காளான் வைக்கோல்” என்று பெயரும் வைத்து, மாட்டு வைக்கோலைவிடக் கட்டுக்குப் பத்து ரூபாய் கூட வாங்குகிறார்.